யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிற சபையில்

ஞாயிறு ஆராதனை எனக்கு ஒருநாளும் சிரமமாக இருந்ததில்லை. அது முடிந்த பிறகு வருகிற கொஞ்ச நேரம்தான் சிரமம். ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் எல்லாரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்பார்கள். மைனியும் நாத்தனாரும் ஒரு பக்கம், அண்ணன் தம்பிமார் ஒரு பக்கம், சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ லீவுக்கு வந்த பிள்ளைகளைச் சுற்றி ஒரு கூட்டம். அங்கே எல்லாருக்கும் எல்லாரும் ஏதோ ஒரு முறை: அத்தை, சித்தி, பெரியம்மை, மச்சான். எனக்கு மட்டும் யாரும் எந்த முறையும் இல்லை. யாரும் என்னைத் தள்ளி வைக்கவில்லை. என்னிடம் பேச வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக வீட்டுக்கு நடந்துவிடுவேன்.

இப்படி ஒரு சபையில் இருந்துகொண்டு தினமும் ஆராதிக்கவும், அங்கே இருக்கிறவர்களுக்காக உழைக்கவும் முடியுமா என்றால், முடியும். எப்படி முடிந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். வேலைக்கோ கல்யாணமாகியோ நெல்லைச் சீமைக்கு வந்து, இதே மாதிரி ஒரு மரத்தடியில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் ஈரோடு பக்கம் பிறந்தவள். இந்துக் குடும்பம். நர்சிங் படிக்கும்போது ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். என் கணவரும் என்னைப் போலவே அவர் குடும்பத்தில் முதல் ஆள். அவருக்குக் கூடங்குளத்தில் ஒப்பந்தக் கம்பெனியில் வேலை கிடைத்ததால் இந்தப் பக்கம் வந்தோம். ராதாபுரம் தாலுகாவில், பனைமரமும் சிவப்பு மணலுமாக இருக்கிற ஒரு ஊரில் வாடகை வீடு. ஊர்ப் பேரைச் சொல்லவில்லை. சொன்னால் இதில் வருகிறவர்கள் யார் யார் என்று இந்தப் பக்கத்தாருக்குத் தெரிந்துவிடும். கணவருக்கு ஷிப்ட் வேலை என்பதால் பாதி ஞாயிறுகளில் நானும் மகளும் மட்டும்தான் கோயிலுக்குப் போவோம்.

இந்தச் சீமைச் சபைகளைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஒன்றை முதலில் புரிந்துகொண்டால் பாதி வருத்தம் குறையும். முதலூர் 1799-ல் உண்டான ஊர். கிறிஸ்தவர்களானதால் தங்கள் ஊர்களில் இருக்க முடியாமல் போனவர்கள், அடைக்கலமாக ஒன்றுசேர்ந்து குடியேறிய இடம் அது. அப்படி உண்டான முதல் ஊர் என்று பேரே சொல்கிறது. அதற்குப் பிறகு அதே மாதிரி ஊர்கள் பல எழும்பின. நாங்கள் இருக்கிற இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் இடையன்குடிக்கு மிஷனரி கால்டுவெல் 1841-ல் வந்து சேர்ந்தார். கடைசியில் அவரை அடக்கம் செய்ததும் அந்த ஊர் ஆலயத்தில்தான். ஆக, இங்கே சபை என்றால் ஊர், ஊர் என்றால் சொந்தபந்தம். ஆறேழு தலைமுறையாக ஒரே கோயிலில் ஞானஸ்நானம், வளர்ந்ததும் விசுவாசத்தை உறுதிப்படுத்துகிற திடப்படுத்தல், கல்யாணம், அடக்கம். எங்கள் கோயிலில் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனில் ஒரு பேர், ட்யூப்லைட்டில் ஒரு பேர், பெஞ்சின் முதுகில் ஒரு பேர். எல்லாம் இன்னாரின் நினைவாக என்று இன்னார் கொடுத்தது. ஒரு காலத்தில் வெளியே இருந்தவர்கள் அடித்ததால் இவர்கள் தங்களைச் சுற்றிப் போட்டுக்கொண்ட வேலி, இப்போது புதிதாக வருகிறவர்களையும் வெளியே நிறுத்துகிறது. அவர்களுக்கு அது வேலி என்றே தெரியாது. உள்ளேயே பிறந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

"எந்த ஊரு தாயி? யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?" என்று முதலில் கேட்பார்கள். ஈரோடு என்றதும், "அங்க நம்ம ஆளுவ யாரு இருக்கா?" என்று அடுத்த கேள்வி வரும். பல நேரம் அது வெறும் அக்கறைதான். முறை தெரிந்தால்தானே எப்படிக் கூப்பிடுவது என்று தெரியும்? ஆனால் சில நேரம் அந்தக் கேள்விக்குள் சாதி என்ற கேள்வியும் உட்கார்ந்திருக்கும். அதை மூடி மறைத்து எழுத எனக்கு மனமில்லை. நற்கருணை என்கிற திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணிவிட்டு வெளியே வந்து அதைக் கேட்பது சரியில்லை. அது கிறிஸ்துவுக்கு விரோதமானது என்றே நினைக்கிறேன். என்னைக் கேட்டவர்களிடம் நான் ஈரோட்டோடு நிறுத்திக்கொண்டேன். "எங்க வீட்டுல நாங்கதான் முதல்ல விசுவாசிகள், எங்களுக்கு இங்க இருக்கிற நீங்கதாங்க சொந்தம்" என்று சொல்லிவிடுவேன். கோபமில்லாமல் சொல்ல வேண்டும், கூனிக்குறுகாமலும் சொல்ல வேண்டும். பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வி அல்ல அது.

அந்த நாட்களில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது குளோரிந்தாவின் கதை. பாளையங்கோட்டையில் முதல் ஆலயத்தைக் கட்டியவர். தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டிப் பிராமண விதவை. ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு இருந்தவர் என்பதால், ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (இங்கே போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்) முதலில் கொடுக்கவில்லை. அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-ல்தான் கிடைத்தது. மறுக்கப்பட்டதும் அவர் போய்விடவில்லை. ஏழைகளுக்கு உதவினார், சபையைக் கூட்டினார். 1780-ல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். 1785-ல் ஆலயம் பிரதிஷ்டையானது. திருநெல்வேலித் திருச்சபை என்று இன்றைக்குச் சொல்லுகிற அத்தனையும் அந்தச் சின்னக் கூட்டத்திலிருந்து வளர்ந்தது. சொந்த சாதியும் இல்லை, சொந்த ஊரும் இல்லை, முதலில் ஞானஸ்நானம்கூட இல்லை. மிஷனரிமாரும் வெளியாட்கள்தான், ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஒரு அமைப்பும் மரியாதையும் இருந்தன. குளோரிந்தாவுக்கு அது கிடையாது. அதனால்தான் அவர் எனக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறார். எப்போதாவது பாளையங்கோட்டை போனால் அந்தக் கோயிலுக்குள் கொஞ்ச நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, சாயங்கால ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தேன். இந்தப் பக்கத்து ஊர்களில் விடியற்காலையும் சாயங்காலமும் கோயில் மணி அடிக்கும். சபை ஊழியர் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம், ஒரு பாடம் வாசித்து, ஒரு பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணுவார். ஊரில் வயதானவர்கள் இன்னும் அவரை உபதேசியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நிறைந்து வழிகிற கோயிலில், வார நாளில் நாலைந்து ஆச்சிமார் மட்டும் இருப்பார்கள். லெந்து என்கிற தவக்கால நாட்களில் கூட்டம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நான் போனது கூட்டத்துக்குப் பயந்துதான். ஆனால் அங்கேதான் எனக்கு இடம் கிடைத்தது. அத்தனை பெரிய கோயிலில் நாலு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும்போது ஐந்தாவது ஆளைப் பார்க்காமல் இருக்க முடியாது. இரண்டாவது வாரமே ஒரு ஆச்சி பாயைத் தட்டி, "இங்கன வந்து உக்காரு, அங்க காத்து வராது" என்றார். அவர் என் ஊரைக் கேட்டதற்கு வெகுநாள் முன்பே என் மகளுக்குப் பனங்கிழங்கு அவித்துக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். உங்கள் சபையில் ஆள் குறைவாக வருகிற ஆராதனை எது என்று பாருங்கள். விடிகாலை நற்கருணை ஆராதனையாக இருக்கலாம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபமாக இருக்கலாம், வார நாள் மாலை ஜெபமாக இருக்கலாம். அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊழியர் சங்கீதங்களைப் பழைய முறைப்படி வாசிப்பார். 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குக் காலை, மாலை என்று பங்கிட்டு வைத்திருக்கிற முறை. ஒவ்வொரு மாதமும் முழுச் சங்கீதப் புத்தகமும் ஒரு சுற்று வந்துவிடும். இதன் அருமை எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. 13-ம் தேதி மாலை 69-ம் சங்கீதம் வரும்: "என் சகோதரருக்கு வேற்று மனுஷனும், என் தாயின் பிள்ளைகளுக்கு அந்நியனுமானேன்." நான் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டதை, ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஆச்சிமார் என் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார்கள். 16-ம் தேதி மாலை 84-ம் சங்கீதம், ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதே போதும் என்கிறது அது. மறுநாள் காலையிலேயே 88. சிநேகிதர்கள் தூரமாகிப் போனார்கள் என்று இருட்டிலேயே முடிகிற சங்கீதம். ஒரு நல்ல வார்த்தைகூட இல்லாமல் முடியும். நம் மனநிலைக்கு ஏற்ற வசனத்தை நாமே தேடிப் பொறுக்கினால் சில நாள் ஆறுதல் மட்டும் பொறுக்குவோம், சில நாள் புலம்பல் மட்டும் பொறுக்குவோம். தேதிப்படி வாசித்தால் இரண்டும் தானாக வரும். சந்தோஷமாக இருக்கிற நாளில் புலம்பலை வாசிக்க வேண்டியிருக்கும், அப்போது அது வேறு யாருக்காகவோ பண்ணுகிற ஜெபம் ஆகிவிடும். கோயிலுக்குப் போக முடியாத நாளில் வீட்டில் இதைச் செய்யலாம். மணிச் சத்தம் கேட்டதும் அடுப்பைக் குறைத்துவிட்டு, மகளோடு உட்கார்ந்து அன்றைய சங்கீதத்தில் ஒன்றை வாசிப்பேன். நேரம் ஒதுக்கி ஜெபிக்க வேண்டும் என்று நினைத்தபோதெல்லாம் அது தவறிப்போனது. மணியோடு சேர்த்துக் கட்டிய பிறகு நிலைத்தது.

பாட்டுத்தான் அடுத்த கஷ்டம். பாமாலையும் கீர்த்தனையும் இவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. புத்தகத்தைத் திறக்காமலே ஐந்து சரணமும் பாடுவார்கள். நான் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மூன்றாவது சரணம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஊழியரிடமே அடுத்த நாள் பாட்டு நம்பர்களைக் கேட்டு எழுதிக்கொள்வேன். ராத்திரி யூடியூபில் போட்டு மகளும் நானும் பாடிப் பார்ப்போம். இன்றைக்கு மகளுக்குப் புத்தகம் தேவையில்லை.

பேர்களை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். ஞாயிறு அறிக்கைகளில் பிறந்தநாள், திருமண நாள், புது வீடு, பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்று ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்கள் பேரை வாசிப்பார்கள். வெளியாளுக்கு அது நீண்டுகொண்டே போகிற பட்டியல்தான். நான் ஒரு நோட்டில் அதை எழுத ஆரம்பித்தேன். இன்னார், இன்ன தெரு, இன்ன காரியம். எழுந்து போய்க் காணிக்கை போடுகிற முகத்தையும் பார்த்து வைத்துக்கொள்வேன். அந்த வாரம் முழுதும் அந்தப் பேர்களைச் சொல்லி ஜெபிப்பேன். மறு ஞாயிறு வெளியே வரும்போது, "அக்கா, தம்பிக்கு பெங்களூர்ல ரூம் கிடைச்சுதுங்களா?" என்று கேட்க முடிந்தது. என் கொங்குப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு நின்று பேசுவார்கள். மரத்தடியில் யாராவது வந்து நம்மிடம் பேச வேண்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒருவருக்காக ஒரு வாரம் ஜெபித்த பிறகு அவரிடம் போய்ப் பேசுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

இனி வேலை. ஒரு சபையில் இரண்டு வகை வேலை உண்டு. பதவியோடு வருகிற வேலை, பதவியே இல்லாத வேலை. முதல் வகைக்கு இங்கே போட்டி உண்டு, தேர்தல் உண்டு, கட்சி உண்டு. புதிதாக வருகிறவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே கூடாது. இரண்டாவது வகைக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. சனிக்கிழமை கோயிலைக் கூட்டித் துடைக்க, பாய்களை உதறிப் போட, பீடத்துக்குப் பூ வைக்க, நற்கருணைப் பாத்திரங்களைக் கழுவ. கோயில் வேலைகளைப் பார்க்கிற எங்கள் கோயில்குட்டியாருக்கு முழங்கால் வலி. "நான் பாய் உதறட்டுங்களா?" என்று கேட்டேன். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றிலும் சிறந்தது கைப்பிடி அரிசி வாங்கப் போகிற வேலை. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பது இங்கே பழைய வழக்கம். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடு வீடாகப் போய் அதைச் சேர்ப்பார்கள். வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடக்க வேண்டும் என்பதால் யாரும் முன்வருவதில்லை. நான் வருகிறேன் என்றேன். அந்தப் பை கையில் இருந்தால் எந்த வீட்டு வாசலிலும் நிற்கலாம். எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். உள்ளே கூப்பிட்டுக் கருப்பட்டிக் காப்பி கொடுப்பார்கள். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலையில் பார்த்தவர்களின் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. பெரிய காரை வீடு, உள்ளே ஒரு கிழவியும் ஒரு கிழவரும் மட்டும். பிள்ளைகள் துபாயில், சென்னையில், கனடாவில். ஃபேன் காணிக்கை கொடுத்த வீட்டில் பேச ஆளில்லை. எனக்குச் சொந்தமில்லை என்று நான் வருந்திக்கொண்டிருந்த ஊரில், அத்தனை சொந்தம் இருந்தும் தனியாகக் கிடப்பவர்கள் எத்தனை பேர்!

நான் நர்ஸ் என்பது தெரிந்ததும் ஒவ்வொருவராக பிரஷர் பார்க்கச் சொன்னார்கள். மெஷினைப் பையோடு எடுத்துப் போக ஆரம்பித்தேன். மருந்து எதுவும் நானாகக் கொடுப்பதில்லை என்பதில் கண்டிப்பாக இருந்தேன். அளவைச் சீட்டில் எழுதி வைத்து, கூடுதலாக இருந்தால் ராதாபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வேன். சர்க்கரை உள்ளவர்களின் கால்களைத்தான் அதிகம் பார்த்தேன். இந்த ஊரில் வெறுங்காலோடு நடப்பது பழக்கம், கோயிலுக்கென்றால் கேட்கவே வேண்டாம். சித்திரை வெயிலில் மணல் கொதிக்கும். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. தினமும் ராத்திரி காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்வேன். குனிந்து பார்க்க முடியாதவர்களுக்கு நானே பார்ப்பேன். ஒருவருடைய காலைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்த பிறகு அவர் நம்மை அந்நியராக நினைப்பது கஷ்டம். நமக்கும் அவர்களை அப்படி நினைக்க முடியாமல் போகிறது.

எல்லாருக்கும் நர்ஸ் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வயதானவர்களோடு துணைக்குப் போய் வரிசையில் நிற்க ஒரு ஆள் போதும். பென்ஷனுக்கு ஆயுள் சான்று போட, பேங்க் பாஸ்புக் என்ட்ரி போட, வெளிநாட்டுப் பேரப்பிள்ளையோடு வீடியோ கால் போட்டுக் கொடுக்க ஆள் தேவை. பாளையங்கோட்டையிலேயே இருக்கிறவர்களுக்கு அங்கே பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது, காதுகேளாதோர் பள்ளி இருக்கிறது. பரீட்சை எழுதிக் கொடுக்க, பாடம் வாசித்துக் காட்ட வர முடியுமா என்று அங்கே போய்க் கேட்டுப் பார்க்கலாம். சபைக்குள் இடம் கிடைக்காவிட்டால் சபைக்கு வெளியே சும்மா நிற்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

அசனப் பண்டிகையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஊரே கூடிச் சமைத்து, ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். புதிதாக வந்தவர்கள் அன்றைக்கு நேரத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது போதாது. முந்தின நாள் ராத்திரி போக வேண்டும். சாக்குச் சாக்காக வெங்காயம் உரிப்பார்கள், தேங்காய் துருவுவார்கள், ஆண்கள் அடுப்பு வெட்டி அண்டா ஏற்றுவார்கள். விடிய விடியப் பேச்சு. ஊர்க் கதைகள் அத்தனையும் அங்கேதான் வெளியே வரும். யாருக்கும் யாருக்கும் ஏன் பேச்சுவார்த்தை இல்லை, எந்த ஐயர் காலத்தில் கோபுரம் கட்டியது, எந்தப் புயலில் ஓடு பறந்தது. கண் எரிய உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தால் ஊரின் ஞாபகத்தில் நமக்கும் ஒரு பங்கு வந்துவிடும். விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு அம்மா கொடுத்தனுப்பிய ஈரோட்டு மஞ்சளைப் படைத்தேன். மாமனும் மச்சானும் போட்டி போட்டு ஏலம் கேட்கிற இடத்தில், என் மஞ்சளை யார் கேட்பார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சாயங்கால ஜெபத்து ஆச்சி இருந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கிக் கேட்டார். அவரோடு இன்னொரு ஆச்சி போட்டிக்கு வந்தார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, உழைத்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அப்படி எப்போதும் நடக்காது. ஒரு கோடை விடுமுறை முழுதும் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பாட்டும் கைவேலையும் சொல்லிக்கொடுத்தேன். நிறைவு விழாவில் உதவியவர்கள் பேரை வாசித்தார்கள். டீ போட்டவர் பேர்வரை வந்தது, என் பேர் வரவில்லை. வேண்டுமென்று விட்டதாக நான் நினைக்கவில்லை. முறை சொல்லிக் கூப்பிட முடியாத ஆள் ஞாபகத்துக்கு வரவில்லை. வலித்தது. மிகவும் வலித்தது. அன்று சாயங்காலம் மணி அடித்தபோது போகாமல் இருக்கத்தான் மனம் சொன்னது. போனேன். ஆச்சிமாரிடம் ஒன்றும் சொல்லவில்லை, சங்கீதத்தை வாசித்தேன், வந்துவிட்டேன். மனிதர் பேரை வாசிப்பதற்காகச் செய்ததில்லை என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்த அரைமணி நேரம் தேவைப்பட்டது. தினசரி ஆராதனை இல்லாமல் ஊழியம் மட்டும் செய்திருந்தால் அன்றோடு நின்றிருப்பேன் என்று உறுதியாகச் சொல்வேன். ஊழியம் நம்மைக் களைப்பாக்கும், கசப்பாக்கும். ஆராதனையில் நாம் கொடுக்க ஒன்றுமில்லாமல் போய் வாங்கிக்கொண்டு வருகிறோம்.

மனத்தாங்கலை நாலு வீட்டில் சொல்வதைவிட ஐயரிடம் நேராகச் சொல்வது நல்லது. சில மாதம் கழித்து ஐயரிடம் போய், "ஐயா, எங்களை மாதிரி வெளியூர்க் குடும்பங்களுக்கு இங்க பழக வழி தெரியலைங்க" என்று பொதுவாகத்தான் சொன்னேன். அவர் எங்கள் பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கி வரச் சொல்லி, சபைப் பதிவேட்டில் சேர்த்தார். புதிதாக வருகிறவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பதிவேட்டில் பேர் இருந்தால்தான் பிள்ளையின் திடப்படுத்தல், கல்யாணத்தை முன்கூட்டிச் சபையில் அறிவிக்கிற ஓலை, கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி எல்லாம் சிக்கலில்லாமல் நடக்கும். கல்லறையைப் பற்றி இளவயதில் யோசிக்கமாட்டோம். ஆனால் என் கணவர் ஒரு தடவை காய்ச்சலில் படுத்தபோது எனக்கு முதலில் வந்த பயம் அதுதான்.

சிலர் இந்தச் சபைகளை விட்டுவிட்டு, வாசலிலேயே கட்டிப்பிடித்து வரவேற்கிற சிறு சபைகளுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பொறுத்துக்கொள்ளக் கூடாத காரியங்களும் உண்டு. சாதியைச் சொல்லிப் பிள்ளையை ஒதுக்கினாலோ, திருவிருந்திலும் கல்லறையிலும் வித்தியாசம் காட்டினாலோ அதைத் தாழ்மை என்று விழுங்கக் கூடாது. ஐயரிடம் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் பேராயர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும், தனியாகச் சுமக்கக் கூடாது. எங்களுக்கு அந்த அளவு வரவில்லை. வந்தது கவனிக்கப்படாமல் போன வருத்தம்தான். அதோடு வாழலாம் என்று முடிவு செய்தோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஏறி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் மூழ்கியது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். தண்ணீர் வடிந்து பாதை திறந்ததும் எங்கள் கோயில் வளாகத்தில் அசன அண்டாக்களை இறக்கிச் சாப்பாடு கட்டினார்கள். கணவரின் கம்பெனியில் கூட வேலை செய்யும் வடநாட்டுப் பையன்கள் வண்டி ஏற்ற வந்தார்கள். கேரல் ரவுண்ட்ஸுக்குச் சேர்த்த காசு பாய்க்கும் போர்வைக்கும் போனது. அந்த வாரம் யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஜனவரி பிறந்ததும் பழையபடி கேட்க ஆரம்பித்தார்கள். ஆனால் "அந்த நர்சம்மா" என்று எனக்கு ஒரு பேர் நின்றுவிட்டது. முறைப்பேர் இல்லாவிட்டாலும் அது போதும் எனக்கு.

இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஞாயிறு தோறும் கடைசிப் பாயில் உட்காருகிறது. புருஷன் கட்டுமான வேலை, மனைவி, கைக்குழந்தை. பரம்பரைக் கிறிஸ்தவர்கள்தான், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மரத்தடியில் அவர்கள் நிற்பதுகூட இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவளோடு பேசுகிறேன். அன்றைய பாடம் எதுவென்று சனிக்கிழமையே கேட்டு, செல்போனில் இந்தி வேதாகமத்தில் எடுத்து வைத்துக் கொடுக்கிறேன். அசனத்துக்கு முந்தின ராத்திரி வெங்காயம் உரிக்க அவளை ஆச்சியின் பக்கத்தில் உட்கார்த்திவிடப் போகிறேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரு பாடத்தை அவள் இந்தியில் வாசிக்கலாமா என்று ஐயரிடம் கேட்டோம். வாசிக்கட்டும், ஆனால் அதற்குள் அவர்கள் ஊர்ச் சபையிலிருந்து மாற்றுக் கடிதமும் வரவழைத்துவிடுங்கள் என்றார். அதற்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.